கடலடி நியூட்ரினோ தொலைநோக்கி: அளவுத்திருத்தத்துக்கு (கருவியின் நிலையையும் நேரத்தையும் துல்லியமாக்குவதற்கு) எந்த வழியைத் தேர்வது?

2023 பிப்ரவரி 13 அன்று, சிசிலித் தீவின் கப்போ பசேரோ முனைக்கு அப்பால் ஏறத்தாழ 3,500 மீட்டர் ஆழத்தில் இயங்கிக்கொண்டிருந்த ஆர்க்கா தொலைநோக்கி, அதுவரை எந்தக் கருவியிலும் பதிவாகாத அளவு ஆற்றல் கொண்ட ஒரு நியூட்ரினோவின் விளைவைப் பதிவுசெய்தது. ஆர்க்காவை இயக்கும் கேஎம்3நெட் கூட்டமைப்பு 2025 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வுரை, அதன் ஆற்றலை ஏறத்தாழ 220 பெட்டா எலக்ட்ரான்வோல்ட் என மதிப்பிட்டது. ஆனால் அது வானில் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குக் கிடைத்த விடை 1.5 பாகை ஆரமுள்ள ஒரு வட்டம்தான். ஏறத்தாழ முப்பத்தைந்து முழுநிலவுகளின் பரப்பு அதற்குள் அடங்கிவிடும். நியூட்ரினோ மோதலில் பிறக்கும் துகள்கள் நீரில் எழுப்பும் மங்கிய ஒளியைப் பதிவுசெய்யும் ஒளியுணர் குழாய்களின் திறன் குறைவு இதற்குக் காரணமன்று. கடலடியில் நிற்கும் கருவி முழுவதும் புவியைப் பொறுத்து எப்படித் திரும்பி நிற்கிறது என்பதிலிருந்த ஐயமே அந்த வட்டத்தின் அளவைப் பெரும்பாலும் தீர்மானித்தது.

ஆகவே, புதிதாக ஒரு நீரடித் தொலைநோக்கியை அமைக்கவோ இருப்பதை விரிவுபடுத்தவோ போகும் குழு, அளவுத்திருத்தத்துக்கு ஒதுக்கிய பணத்தையும் கப்பல் நாட்களையும் எதில் செலவிட வேண்டும் என்பது சிறிய கேள்வியன்று. நிலையை அளப்பதற்காக ஒலியைக் கேட்கும் கருவிகளை எங்கே, எத்தனை பொருத்துவது, ஒலியே வேண்டாமென்று ஒளியை மட்டும் நம்பலாமா, கடல்நீரின் தன்மையை அளக்கும் கருவிகளைச் சரத்திலேயே கட்டுவதா தனியாக இறக்குவதா, ஒலியை அனுப்பும் கடலடி ஆதாரப் புள்ளிகளை எவ்வளவு கவனமாக நிறுவுவது என்று இந்தத் தேர்வு பல படிகளாக விரிகிறது. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒலிவாங்கிகளைப் பற்றிய வாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இனி ஒரு குழுவின் கூடுதல் முயற்சி சென்று சேர வேண்டிய இடங்கள் நீரில் ஒலியின் வேகமும் கடலடி ஆதாரப் புள்ளிகளின் இருப்பிடமுமே.

முதலில் தேவையின் அளவைப் பார்க்கலாம். நீரில் ஒளி ஒரு நானோவினாடியில் ஏறத்தாழ 22 செ.மீ. செல்கிறது. ஒளியுணர் குழாய்கள் நேரத்தை நானோவினாடி அளவில் பதிவுசெய்யும்போது, குழாயின் இருப்பிடம் அரை மீட்டர் பிழையாக இருந்தால் நேரத்தில் அடைந்த துல்லியம் வீணாகிவிடும். அதனால்தான் குழாய்களைத் தாங்கிய ஒவ்வொரு கண்ணாடிக் கோளத்தின் நிலையும் 10 முதல் 20 செ.மீ.க்குள் தெரிய வேண்டும் என்ற அளவுகோல் நிலைபெற்றது. பனிக்கட்டிக்குள் உறைந்து நிற்கும் கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை. கடலிலோ, அடியில் நங்கூரமும் உச்சியில் மிதவையுமாக, கோளங்களைத் தாங்கி நிற்கும் சரம், ஆற்று நாணலைப் போல நீரோட்டத்துக்கு ஏற்ப வளைந்துகொண்டே இருக்கிறது. நீரோட்டத்தின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால், அமைதியான நாளில் ஒரு மீட்டருக்கும் குறைவாக விலகியிருந்த சரத்தின் உச்சி, ஓட்டம் மும்மடங்கானால் ஒன்பது மடங்கு விலகும். இந்த மாற்றம் மணிக்கணக்கில் நிகழ்வது. ஆகவே ஒருமுறை அளந்து விட்டுவிடுவதற்கு இடமில்லை; ஒலி வந்து சேரும் நேரத்தைக் கொண்டு தொலைவுகளைத் தொடர்ந்து அளக்க வேண்டும்.

முதல் வழி பிரான்சின் தூலோன் கடற்கரைக்கு அப்பால், ஏறத்தாழ 2,475 மீட்டர் ஆழத்தில், 2008இல் முழுமையடைந்து 2022 வரை இயங்கிய ஆன்டாரஸ் தொலைநோக்கியின் வழி. அதன் பன்னிரண்டு சரங்களில் ஒவ்வொன்றுக்கும் 25 அடுக்குகள் இருந்தன. ஆனால் நீரொலிவாங்கிகள் சரத்துக்கு ஐந்து மட்டுமே. சரங்களின் அடிப்பகுதியிலிருந்த ஒலியுமிழிகள் 40 முதல் 60 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை துடிப்புகளை அனுப்பின. இடைப்பட்ட அடுக்குகளின் நிலையை, ஒவ்வோர் அடுக்கிலும் இருந்த சாய்வுமானி, திசைகாட்டி ஆகியவற்றின் அளவீடுகளையும், நீரோட்டத்தில் சரம் எப்படி வளையும் என்ற இயந்திரவியல் கணக்கையும் சேர்த்து வருவித்தார்கள். கருவிகள் குறைவு, தரவும் குறைவு, துல்லியமோ 10 செ.மீ. அளவில் கிடைத்தது. இதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. ஐந்தில் ஒன்றோ இரண்டோ செயலிழந்தால், எஞ்சிய சரத்தின் வடிவம் அளவீட்டைவிடக் கணக்கையே கூடுதலாகச் சார்ந்துவிடுகிறது. கணக்கு தவறும்போது அதைக் காட்டிக்கொடுக்கும் சாட்சிகளும் குறைந்துவிடுகின்றன. மேலும், கோளத்துக்கு வெளியே நிற்கும் ஒவ்வொரு ஒலிவாங்கிக்கும் தனி இணைப்பு வேண்டும். பெருங்கடல் அழுத்தத்தில் ஒவ்வோர் இணைப்பும் நீர் கசியக்கூடிய ஒரு வாயில்.

இரண்டாவது வழி கேஎம்3நெட் மேற்கொண்டது. 31 சிறிய ஒளியுணர் குழாய்களை உள்ளடக்கிய ஒவ்வொரு கண்ணாடிக் கோளத்தின் உட்புறத்திலும் ஒலியதிர்வை மின்குறிப்பாக மாற்றும் ஒரு பீசோ உணரியை ஒட்டிவிட்டார்கள். கண்ணாடியே ஒலியை உள்ளே கடத்திவிடுவதால் வெளியே துளை எதுவும் தேவைப்படவில்லை. சரத்துக்கு 18 கோளங்கள் எனில் சரத்துக்கு 18 காதுகள். அடித்தளத்தில் தனியாக ஒரு நீரொலிவாங்கியும் உண்டு. ஒலியுமிழிகள் 20 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரையிலான, அதாவது ஆன்டாரஸ் பயன்படுத்தியதைவிடத் தாழ்ந்த அலைவரிசையில் இயங்குகின்றன. கடல்நீர் உயர் அதிர்வெண்களை வேகமாக விழுங்கிவிடும். ஆர்க்காவைப் போல ஒரு கிலோமீட்டரைத் தொடும் தொலைவுகளுக்குத் தாழ்ந்த அதிர்வெண்ணே பொருத்தமானது.

இந்த வழிக்கும் விலை உண்டு. கோளத்துக்குள் இருக்கும் உணரி, சுற்றியுள்ள மின்னணுப் பலகைகளின் இரைச்சலையும் சேர்த்தே கேட்கிறது. கோளத்தின் மேற்புறமிருந்து வரும் ஒலி கண்ணாடியைச் சுற்றி வளைந்து வந்து சேர்வதால், துடிப்பு எப்போது வந்தது என்பதில் சிறு திரிபு ஏற்படும். உணரி இருப்பது கோளத்தின் அடியில். நமக்கு வேண்டியது கோளத்தின் மையம். இந்த இடைவெளியைக் கோளத்தின் சாய்வைக் கொண்டு திருத்த வேண்டும். தரவின் அளவையும் மறக்கக் கூடாது. வினாடிக்கு ஏறத்தாழ 1,95,300 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிட் என்றால் ஓர் உணரியே வினாடிக்கு 4.7 மெகாபிட் அளவுக்குத் தரவைக் கரைக்கு அனுப்புகிறது. ஆர்க்கா முழுமையடையும்போது இருக்கப்போகும் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கோளங்களால் இதைப் பெருக்கிப் பார்த்தால், கரையிலுள்ள கணினிகளின் சுமை புரியும். இவ்வளவுக்குப் பிறகும் இந்த வழியே மேலானது என்பேன். தனியோர் உணரியின் தரம் ஆன்டாரஸின் ஒலிவாங்கிக்குக் கீழாக இருக்கலாம். ஆனால் சரத்தின் வடிவத்தைப் பதினெட்டுச் சாட்சிகளிடம் கேட்கும்போது, தவறான சாட்சி தானாகவே தனித்துத் தெரிகிறது.

மூன்றாவது வழி சைபீரியாவின் பைக்கால் ஏரியில் இருக்கிறது. 1,366 மீட்டர் ஆழத்தில் அமைந்த பைக்கால்-ஜிவிடி தொலைநோக்கி, ஒலி மோடம்களைக் கொண்டு கேள்வியும் மறுமொழியுமாகத் தொலைவை அளக்கிறது. அனுப்பியவரே மறுமொழியையும் பெறுவதால் இரு முனைக் கடிகாரங்களும் ஒத்திசைந்திருக்க வேண்டியதில்லை. நீரோட்டம் ஒலியை ஒரு திசையில் சற்றே விரைவுபடுத்துவதும் மறு திசையில் தாமதப்படுத்துவதும் பெரும்பாலும் நீங்கிவிடும். பின்னது சிறிய ஆதாயம்தான்: வினாடிக்கு 10 செ.மீ. ஓட்டம், 500 மீட்டர்த் தொலைவில் மூன்று செ.மீ. பிழையை மட்டுமே தரும். எதிர்ப்பக்கத்தில், ஒவ்வொரு மோடமும் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டியிருப்பதால், கருவி பெருகப் பெருகச் சுற்று நீள்கிறது. கேஎம்3நெட்டில் ஒரு துடிப்பை எல்லாக் காதுகளும் ஒரே நேரத்தில் கேட்டுவிடும். ஆனால் அதற்கு அவை அனைத்தும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். ஒளியைப் பதிவுசெய்வதற்காக நானோவினாடி ஒத்திசைவை எப்படியும் இழைவடத்தின் வழியே அமைக்கும் குழுவுக்கு, ஒலிக்கு வேண்டிய மைக்ரோவினாடி ஒத்திசைவு இலவசமாகவே கிடைத்துவிடுகிறது.

பைக்காலுக்கு வேறெங்கும் வாய்க்காத ஒரு வசதி உண்டு. குளிர்காலத்தில் ஏரி உறைந்தவுடன் பனிக்கட்டியின் மீது நின்றே சரங்களை இறக்கலாம், தூக்கலாம், பழுதுபார்க்கலாம். பழுதான மோடமை அடுத்த குளிர்காலத்தில் மாற்றிவிட முடியும் என்ற நம்பிக்கையே அங்கே எளிய அமைப்பைத் தேர்வதற்கு இடம்தருகிறது. மூன்றரைக் கிலோமீட்டர் ஆழக் கடலில் ஒருமுறை இறக்கிய சரத்தை மறுபடி தொடுவது அரிது. அங்கே பைக்காலின் தேர்வை அப்படியே பின்பற்றுவது பொருந்தாது.

ஒலியே இல்லாமல் ஒளியை மட்டும் கொண்டு நிலைகளைக் கண்டறிய முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. எல்.இ.டி., லேசர் ஆகியவற்றின் ஒளித்துடிப்புகள் நேர ஒத்திசைவைச் சரிபார்க்க இன்றியமையாதவை. அவற்றைக் கைவிடச் சொல்பவர் எவருமில்லை. கடல்நீரிலுள்ள பொட்டாசியம்-40 சிதைவுறும்போது தோன்றும் ஒளியும், கோளத்துக்குள்ளேயே குழாய்களின் திறனையும் நேரத்தையும் ஒப்பிட உதவும் இலவச ஒளிமூலம். நன்னீர் ஏரிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் ஒளி வந்து சேரும் நேரம் தொலைவையும் கடிகாரப் பிழையையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு கோளம் 22 செ.மீ. தள்ளியிருக்கிறதா, அதன் கடிகாரம் ஒரு நானோவினாடி பிந்துகிறதா என்பதை ஒரே திசையிலிருந்து வரும் ஒளி பிரித்துக் காட்டாது. ஒலி இந்த முடிச்சை அவிழ்க்கிறது, ஏனெனில் ஒரு நானோவினாடிக் கடிகாரப் பிழை ஒலியளவீட்டில் கண்ணுக்கே தெரியாது. ஒளி செல்லும் தொலைவும் இடத்துக்கு இடம் மாறும். சரங்கள் 20 மீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்கும், கேஎம்3நெட்டின் மற்றொரு தொலைநோக்கியான ஓர்க்காவில் அண்டைச் சரத்துக்கு ஒளி எளிதில் எட்டும். 90 மீட்டர் இடைவெளியுள்ள ஆர்க்காவில் அது கடினம். கனடாவின் மேற்கே பசிபிக் கடலில், 2,660 மீட்டர் ஆழமுள்ள காஸ்கேடியா படுகையில் பி-ஒன் என்ற நியூட்ரினோ தொலைநோக்கித் திட்டத்துக்காக நடந்த முன்னாய்வு, நீல ஒளியின் நலிவுத் தொலைவு (ஒளி ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறையும் தொலைவு) ஏறத்தாழ 28 மீட்டர் எனக் கண்டது. அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறந்து மேலிருந்து இறங்கும் மியூவான் துகள்களின் தடங்களைக் கொண்டு நிலைகளைத் திருத்தும் முறைக்குப் போதிய எண்ணிக்கையைச் சேர்க்கவே நெடுநேரம் ஆகும். அதற்குள் நீரோட்டம் சரத்தை வேறிடத்துக்குத் தள்ளியிருக்கும். ஆகவே ஒளிவழி, ஒலியைச் சரிபார்க்கும் துணையே தவிர மாற்று ஆகாது.

இனி, ஒலிவாங்கி எதுவாயினும் அதன் அளவீட்டைத் தொலைவாக மாற்றித் தரும் ஒலிவேகம். மத்தியதரைக் கடலின் இந்த ஆழங்களில் அது வினாடிக்கு ஏறத்தாழ 1,545 முதல் 1,565 மீட்டர் வரை இருக்கும். ஆழம் 100 மீட்டர் கூடும்போது 1.6 மீட்டருக்குச் சற்று மேலாகவும், வெப்பநிலை ஒரு பாகை கூடும்போது மூன்று மீட்டருக்கு மேலாகவும் அது உயரும். உவர்த்தன்மையின் பங்கு, ஆழ்கடலில் அது மாறும் சிறு எல்லைக்குள், மிகக் குறைவு. 700 மீட்டர் உயரமுள்ள சரத்தின் அடியில் அளந்த வேகத்தையே உச்சி வரைக்கும் பயன்படுத்தினால், உச்சியின் உயரத்தில் இரண்டரை மீட்டருக்கு மேல் பிழை நேரும். வெப்பநிலையில் பத்திலொரு பாகை தவறினாலே 500 மீட்டர்த் தொலைவில் 10 செ.மீ. பிழை; அதாவது அனுமதித்த பிழை முழுவதும் அங்கேயே தீர்ந்துவிடும். இதற்கு மாறாக, ஒலிக்கதிர் வளைவதைப் பற்றி அடிக்கடி எழும் அச்சம் தேவையற்றது. ஆழத்தோடு வேகம் சீராக உயர்வதால் கதிர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஆரமுள்ள வில்லாக வளைகிறது. ஒரு கிலோமீட்டர்ப் பாதையில் அது நேர்க்கோட்டை விட்டு ஒரு மீட்டருக்கு மேல் விலகினாலும், பாதையின் நீளம் கூடுவது அரை செ.மீ. மட்டுமே. பாதை நெடுகிலும் உள்ள சராசரி வேகத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால் போதும்.

அந்த வேகத்தைப் பெற மூன்று வழிகள் இருக்கின்றன. கப்பலிலிருந்து சி.டி.டி. கருவியை இறக்கி, மின்கடத்துதிறன், வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றை அளந்து சூத்திரத்தின் வழியே கணக்கிடுவது முதலாவது. ஆழ்கடல் மாறாதது என்ற நம்பிக்கையில் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும் என்று தோன்றும். தூலோன் கடற்பகுதி அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியது: கடுங்குளிர்காலத்தில் லயன் வளைகுடாவின் மேற்பரப்பு நீர் குளிர்ந்து அடர்ந்து அடிவரை இறங்குவதுண்டு, 2009, 2010 ஆண்டுகளின் வசந்தத்தில் ஆன்டாரஸ் கண்ட உயிரொளிர்வுப் பெருக்கத்தை (கடலுயிரிகள் உமிழும் ஒளி மிகுந்ததை) 2013இல் வெளியான ஆய்வு இந்த நீர்ப்பெயர்ச்சியுடன் இணைத்துக் காட்டியது. அடியில் நிலையாக இருந்த கடலியல் கருவிகள் இல்லாவிட்டால் அந்த இணைப்பு தெரிந்திருக்காது. சூத்திரத்திலும் சிக்கல் உண்டு. 1974இல் டெல் கிராஸோ தந்ததும் 1977இல் சென், மில்லெரோ ஆகியோர் தந்ததும் உயர் அழுத்தத்தில் வினாடிக்கு அரை மீட்டர் அளவுக்கு வேறுபடக்கூடும். 500 மீட்டருக்கு அது 16 செ.மீ. எந்தச் சூத்திரம் என்பதை ஆவணத்தில் குறித்துவைக்காத குழு, பின்னாளில் தன் தரவையே தன்னால் ஒப்பிட முடியாமல் திண்டாடும்.

இரண்டாவது, ஒலி ஒரு குறுகிய, நிலையான இடைவெளியைக் கடக்கும் நேரத்தை நேரடியாக அளக்கும் ஒலிவேகமானி. இதற்குச் சூத்திரமே வேண்டாம் என்பது பெரிய ஆதாயம். ஆனால் எந்த உணரியும் ஆண்டுக்கணக்கில் அழுத்தத்தில் கிடந்தால் மெல்லப் பிறழும். மேலே கொண்டுவந்து ஆய்வகத்தில் மறுபடி ஒப்பிடாதவரை, மாறியது கடலா கருவியா என்று சொல்ல இயலாது. ஆகவே அதை ஒளிச்சரத்திலேயே கட்டிவிடுவதைவிட, கேஎம்3நெட் திட்டமிட்டதைப் போல, சி.டி.டி., ஒலிவேகமானி, டாப்ளர் நீரோட்டமானி ஆகியவற்றைத் தாங்கிய தனிக் கருவிச்சரத்தை மீட்கத்தக்கதாக இறக்குவதே சரியென்று கருதுகிறேன். ஆன்டாரஸும் கருவிகளுக்கெனத் தனிச்சரம் ஒன்றை வைத்திருந்தது. அந்தச் சரத்தில் வேகமானி ஒன்று போதாது. அடியிலும் உச்சியிலும் ஒன்றாவது வேண்டும். எல்லாத் தொலைவுகளையும் ஒரே விகிதத்தில் நீட்டும் பிழை, கோணங்களை அவ்வளவாகக் கெடுக்காது. மேலே ஒரு விதமாகவும் கீழே ஒரு விதமாகவும் நீட்டும் பிழைதான் சரங்களின் வடிவத்தைத் திரித்துவிடும். காஸ்கேடியா படுகையைப் போல ஏற்கெனவே கடலடி ஆய்வகம் நிறுவப்பட்ட இடத்தில், இந்தச் செலவின் ஒரு பகுதியை அண்டைக் கருவிகளிடமிருந்து பெறும் தரவு குறைத்துவிடும்.

மூன்றாவது வழி, காதுகள் மிகுதியாக இருப்பதைப் பயன்படுத்தி ஒலிவேகத்தையே ஓர் அறியாக் கணியமாக வைத்துத் தீர்ப்பது. கணக்காக இது கவர்ச்சியானது, செலவும் இல்லை. ஆனால் அதற்கு எங்கேயாவது ஒரு நீளம் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். கோளங்களுக்கு இடையிலான கயிற்றின் நீளத்தை அதற்கு எடுத்துக்கொண்டால், சுமையில் அந்தக் கயிறு நாட்போக்கில் நீள்வது அப்படியே ஒலிவேகத்தின் மாற்றமாகத் தோற்றமளிக்கும். அன்றாட ஏற்ற இறக்கங்களைப் பின்தொடர இதை நம்பலாம். அடிப்படை அளவாகக் கொள்ள முடியாது.

கோளத்துத் திசைகாட்டிகளைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஓரிரு பாகைப் பிழை இருந்தாலும் கோளத்தின் எந்தக் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அறிய அவை போதும். நியூட்ரினோவின் திசையைத் தீர்மானிப்பவை கோளங்களின் இருப்பிடங்களே. அங்கேதான் கடைசித் தேர்வு, என் பார்வையில் எல்லாவற்றிலும் முதன்மையானது, வருகிறது. நான்காயிரம் கோளங்கள் ஒவ்வொன்றும் 20 செ.மீ. அங்குமிங்குமாகப் பிழையாகக் குறிக்கப்பட்டால் அப்பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். கடலடியிலுள்ள மூன்று ஒலியுமிழிகளின் இருப்பிடம் பிழையானாலோ, கருவி முழுவதும் ஒரே பக்கமாகத் திரும்பிவிடும். எத்தனை கோளங்களைச் சேர்த்தாலும் அந்தப் பிழை குறையாது. கப்பலின் அடியிலிருந்து ஒலியால் திசையும் தொலைவும் கண்டு இடம் குறிக்கும் வழக்கமான முறையின் பிழை, ஆழத்தில் 0.2 முதல் 0.5 விழுக்காடு வரை இருக்கும். 3,500 மீட்டரில் அது 7 முதல் 17 மீட்டர். 500 மீட்டர் இடைவெளியிலுள்ள இரு உமிழிகளில் ஒன்று 10 மீட்டர் பக்கவாட்டில் பிழையாகக் குறிக்கப்பட்டால், கருவியின் திசை ஒரு பாகைக்கு மேல் திரும்பிவிடும். ஒரு மீட்டருக்குள் குறித்தால் பிழை 0.11 பாகையாகச் சுருங்கும்.

ஒரு மீட்டருக்கு இறங்க, செயற்கைக்கோள் வழி இருப்பிடம் அறிந்த கப்பல், உமிழிகளின் மேலே பல திசைகளில் வட்டமிட்டு, நூற்றுக்கணக்கான புள்ளிகளிலிருந்து தொலைவை மட்டும் அளக்க வேண்டும். கோணத்தை நம்பக் கூடாது. அந்த ஒலி மேற்பரப்பிலிருந்து அடிவரை முழு நீர்த்தூணையும் கடப்பதால், அதே நாளில் சி.டி.டி.யை மேலிருந்து கடலடி வரை இறக்கியாக வேண்டும். கோடையின் வெப்ப அடுக்கு ஒன்றே முந்தைய பருவத்து அளவீட்டைப் பயனற்றதாக்கிவிடும். ஒரே ஒரு பயணத்துக்குத்தான் வசதி என்றால், அதை உமிழிகளை இறக்கிய உடனே செய்வதா, சரங்கள் நின்ற பிறகா? நான் பின்னதையே தேர்வேன். சரங்கள் நின்ற பிறகு, கப்பல் அனுப்பும் துடிப்பைக் கடலடி உமிழிகளோடு கோளங்களின் காதுகளும் நேரடியாகக் கேட்கும். அப்போது உமிழிகளின் பிழையை ஒளிச்சரங்களுக்குக் கடத்தாமல் கருவியையே புவியோடு இணைத்துவிடலாம். காத்திருக்கும் காலத்தில் பதிவாகும் தரவு வீணாவதில்லை, பிற்பாடு திருத்திக்கொள்ளலாம். நிலவும் சூரியனும் அண்டக்கதிர்களை மறைப்பதால் மியூவான்களில் விழும் நிழலை ஆன்டாரஸும் ஓர்க்காவும் கண்டிருக்கின்றன. அது கடலைச் சாராத சான்று என்பதால் மிக மதிப்புள்ளது, ஆனால் அதற்குப் பல மாதங்கள் முதல் ஆண்டுகள் வரை தரவு சேர வேண்டும். கப்பல் அளந்ததைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்தலாம். அதை நம்பிக் கப்பல் பயணத்தைத் தள்ளிப்போடுவது சரியன்று. நியூட்ரினோ அலைவுகளை (ஒரு வகை நியூட்ரினோ வேறு வகையாக மாறுவதை) ஆராய்வதற்கான, ஓர்க்காவைப் போன்ற நெருக்கமான கருவிக்கு இந்த அவசரம் குறைவு. அது தேடும் தாழ்ந்த ஆற்றல்களில் நியூட்ரினோவின் திசையே பல பாகைகளுக்கு மங்கித்தான் தெரியும். வானில் ஒரு மூலத்தைச் சுட்டிக்காட்ட விரும்பும் கருவிக்கோ, அடுத்த சரத்தின் விலையைக் குறைத்தேனும் இந்தப் பயணத்துக்குப் பணம் ஒதுக்குவது தகும்.